திருவனந்தபுரத்தில் சாம்பசிவன் சாப்பிட்ட இடங்கள்

வீரவநல்லூர் சாம்பசிவனுக்குத் திருவனந்தபுரத்தில் தெரியாத சமையற்கட்டு கிடையாது. பத்மநாபசுவாமி கோவிலுக்கு எத்தனை வாசல் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். கரமனை அக்கிரகாரத்தில் எந்த வீட்டு எரிசேரிக்குத் தேங்காயைச் சிவக்க வறுப்பார்கள், வலியசாலையில் எந்த வீட்டு மோரில் தண்ணீர் கூடும், கோட்டைக்குள் எந்த வீட்டுக் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்கும் பால்பாயசம் கெட்டியாக வரும் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டார்.

அவருடைய அப்பா ஊட்டுப்புரைகளில் சாப்பிட்டவர். பிராமணன் என்ற ஒரே காரணத்துக்காக அரசாங்கச் செலவில் இலை போட்ட காலம் அது. ஊட்டுப்புரைகள் ஒவ்வொன்றாக மூடிய பிறகு மகனுக்குக் கல்யாண வீடுகளும் சிராத்த வீடுகளும்தான் மிஞ்சின. வருஷத்துக்கு நாலைந்து தடவை, பாதி வழி நடந்தும் பாதி வழி பஸ்ஸிலுமாக, நாகர்கோவில் தாண்டி வந்து இறங்குவார். எதற்கு வந்தீர் என்று கேட்டால் "ஸ்வாமி தரிசனம்" என்பார். அரைகுறையாக வேதம் படித்தவர். ஊரில் அரைக் காணி நிலமும் இல்லை. மனைவி நாகலக்ஷ்மியும் மகள் சீதாலக்ஷ்மியும் அங்கே கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, இவர் இங்கே போளியைப் பால்பாயசத்தில் தோய்த்துச் சாப்பிடுவார். திரும்பிப் போனதும் ஒவ்வொரு பதார்த்தமாக அவர்களுக்குச் சொல்லுவார். கொடுமை என்று அவருக்குத் தோன்றியதில்லை. கொண்டு போவதற்கு வேறொன்றும் இல்லாதவர், சொல்லை மட்டும் கொண்டு போனார்.

ருசி என்பது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாம்பசிவனைப் பார்த்தால் அது சரியா என்று சந்தேகம் வரும். இரண்டு நாள் பட்டினி கிடந்து உட்கார்ந்த இலையிலும் அவர் பூசணிக்காய் ஓலனை முதலில் நுனிநாக்கில் வைத்துத்தான் பார்ப்பார்.

கல்யாணப் பந்திகளில் அவர் ஒரு வேடிக்கை. யாரும் அழைத்ததில்லை, யாரும் தடுத்ததும் இல்லை. "திருநெல்வேலி சாம்பு வந்தாச்சு!" என்று வாலிபர்கள் கூவி, அவரை வரிசையின் நடுவில் இழுத்து உட்கார்த்துவார்கள். "ஓய், இன்னும் பத்துப் போளி இறக்கினா ஒரு வேஷ்டி!" என்பான் ஒருவன். "வேஷ்டி எதுக்கு? கட்டறதுக்கு வயிறு இடம் விடணுமே!" என்பான் இன்னொருவன். ஒரு தடவை பத்தையும் சாப்பிட்டுவிட்டுக் கொல்லையில் போய் வாந்தி எடுத்தார். அவர்கள் கொடுத்த வேஷ்டியில் நடுவே ஒரு முழம் கிழிசல். அதை வாங்கிக்கொண்டு அடுத்த முகூர்த்தத்துக்கும் வந்தார். மானம் இல்லையா என்றால், இருந்தது. அதை ஊரிலேயே வைத்துவிட்டு வருவார்.

அந்த நகரத்தில் அவரை மனுஷனாக மதித்தவர் சேஷன் ஒருவர்தான். கோட்டைப் பகுதியில் பெரிய காரியங்களுக்கெல்லாம் சேஷன்தான் தலைமைச் சமையல். ஆயிரம் பேருக்குப் போட்டாலும் ஏப்பம் விடுகிறவர்கள்தான் உண்டே ஒழிய, கைப்பக்குவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இல்லை என்று அவருக்கு ஒரு தாபம். பந்தி முடிந்ததும் தோளில் கிடக்கும் துண்டால் முகத்தைத் துடைத்தபடி சாம்பசிவனைத் தேடி வருவார்.

"எந்தா ஓய், எப்படி?"

"ஓலன்லே கும்பளங்கா ஒரு கொதி கூடிப்போச்சு."

"கேட்டேளா!" என்று சேஷன் உதவியாளர்கள் பக்கம் திரும்புவார். "முந்நூறு பேர் தின்னா. இவர் ஒருத்தருக்காக்கும் தெரிஞ்சுது."

இந்தச் சிநேகம் முற்றி ஒரு சம்பந்தப் பேச்சாக வளர்ந்தது. சேஷனின் மகன் அனந்தநாராயணன் பி.ஏ. தேறிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தான். கரண்டி பிடித்த குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவனும் ஒரு தடவை வீரவநல்லூர் போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்து சரி என்றுவிட்டான். "சடங்கு, தீட்டு, எல்லாம் மாறணும் மாமா. மனுஷாதான் முக்கியம்," என்று சாம்பசிவனிடம் சொன்னான். வரதட்சிணை என்ற பேச்சே எழவில்லை. "பொண்ணுக்கு உம்ம நாக்கு இருந்தா மதி, வேறொண்ணும் வேண்டாம்," என்றார் சேஷன். "தை பிறக்கட்டும், தாம்பூலம் மாத்திடலாம்."

சீதாலக்ஷ்மிக்குப் பத்தொன்பது வயது. மூன்று வரன்கள் வந்து, வீட்டின் கூரையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நாலாவது வருமென்று யாரும் நம்பவில்லை. அதனால் சாம்பசிவன் அந்தச் சொல்லை மடியில் முடிந்துகொண்டதுபோல வைத்திருந்தார்.

தை வரைக்கும் பொறுத்திருக்கலாம். ஆனால் மார்கழியில் வீட்டில் அரிசிப் பானை காலியானபோது அவருக்கு வேறு திசை தெரியவில்லை. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினொன்று, மார்கழி நடுப்பகுதி. பஸ் இறங்கினார். கல்யாணம் இல்லாத மாதம். அவர் கேள்விப்பட்டுப் போன ஒரு சிராத்தத்துக்கும் வேறு ஆள் அமர்த்தியாகிவிட்டது. சாலைக் கடைத்தெரு ஓட்டலில் காசு கேட்பார்கள். சேஷன் வீட்டுக்குப் போகலாம். சம்பந்தியாகப் போகிறவர் வீட்டு வாசலில் பசியோடு போய் நிற்பதா? வலியசாலைக் கோவில் மண்டபத்தில் இரண்டு நாள் பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தார்.

அங்கே ராமசுப்ரமணிய வாத்தியார் அவரைக் கண்டுபிடித்தார். வாத்தியார் இறந்தவர்களுக்குக் காரியம் பண்ணி வைக்கிறவர்.

"கல்யாணராமையர் தெரியுமோ? பென்ஷன் முன்சீப். நாளைக்குப் பதினொண்ணாம் நாள். ஒத்தன் கிடைக்கல்லே."

சாம்பசிவன் எழுந்து உட்கார்ந்தார். பதினொன்றாம் நாள் செத்தவரின் ஆவியை ஒரு பிராமணன்மேல் வரவழைத்து, அவனையே செத்தவராக நினைத்துச் சாப்பாடு போடுவார்கள். அவன்தான் ஒத்தன். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் அவனுக்குச் சமைப்பார்கள். ஆனால் அவன் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். சாப்பிட்டவன் ஒரு வருஷத்துக்கு மங்கள காரியம் எதிலும் நுழையக்கூடாது. எந்தப் பந்தியிலும் உட்காரக்கூடாது. அவன் வீட்டுப் பெண்ணை எடுக்கவும் யோசிப்பார்கள்.

"ஐயோ, நான் மாட்டேன். என் பொண்ணு காரியம் நடந்துண்டிருக்கு."

"யாருக்கு ஓய் தெரியப்போறது? தலையிலே ஈரத்துண்டு. கொல்லை வழியா வந்து கொல்லை வழியாப் போறீர். கர்மம் பண்ற பிள்ளை பம்பாய்க்காரன், அடுத்த வாரம் கப்பல் ஏறிடுவான்." வாத்தியார் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "சமையல் விசேஷமாக்கும். கிழவர் ருசிக்காரர்."

பசியினால் ஒப்புக்கொண்டாரா, அந்தக் கடைசி வார்த்தையினாலா என்று சாம்பசிவனுக்கே பிறகு தீர்மானிக்க முடியவில்லை. நமக்கும் முடியாது.

மறுநாள் கல்யாணராமையர் வீட்டுக் கொல்லைக் கதவு திறந்திருந்தது. தலையை மூடிய ஈரத்துண்டுக்குக் கீழே அவருக்குத் தரை மட்டும்தான் தெரிந்தது. அவர் நடந்த பக்கமெல்லாம் ஆட்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட சலசலப்புக் கேட்டது. ஒரு குழந்தை எட்டிப் பார்த்ததோ என்னவோ, அதற்கு ஓர் அறை விழுந்தது. சமையற்கட்டை ஓலைத்தட்டியால் மறைத்திருந்தார்கள். தட்டிக்குக் கீழே பாத்திரங்கள் நகர்ந்து வந்தன. வாத்தியார் எடுத்துப் பரிமாறினார்.

முதல் கவளத்திலேயே தட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பது யாரென்று சாம்பசிவனின் நாக்கு சொல்லிவிட்டது. காளனில் வெந்தயம் விழுந்த அளவு. சேஷனைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கை வராது. ஈரத்துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். ஆனால் தட்டிக்குப் பின்னால் சேஷனும் முதுகைக் காட்டித்தான் நிற்பார் என்று தெம்பு வந்து, சாப்பிட்டார்.

கடைசியில் பிரதமன் வந்தது. பலாச்சுளையை வெல்லத்தில் கிளறி வைத்த சக்கவரட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பாயசம். எல்லாரும் சுக்குதான் போடுவார்கள். இதில் பச்சைக் குருமிளகை, கொத்திலிருந்து அப்போதே உதிர்த்து, நசுக்கிப் போட்டிருந்தார் சேஷன். இனிப்பு நாக்கில் இறங்கி முடியும் இடத்தில் ஒரு பச்சைக் காரம் எழுந்து, மலைக்காற்றுப்போலத் தொண்டையில் நின்றது. சாம்பசிவனின் கண்ணில் நீர் வந்தது. ஐம்பத்திரண்டு வயதுக்குள் எத்தனையோ இலை பார்த்தவர். இப்படி ஒன்று இல்லை. செத்தவனுக்கென்று செய்ததை அவ்வளவு சந்தோஷமாக ஒருவன் சாப்பிட்டிருக்க மாட்டான்.

"திருப்தியா?" என்று பிள்ளை, தரையைப் பார்த்தபடி, சாஸ்திரப்படி கேட்டான்.

"திருப்தி," என்றார் சாம்பசிவன். முழு மனசோடு சொன்னார்.

குடை, செருப்பு, வேஷ்டி கொடுத்தார்கள். "திரும்பிப் பாராமப் போம்," என்றார் வாத்தியார். அவர் கொல்லைப் படி தாண்டுவதற்கு முன்பே, நடந்த இடத்தில் சாணித் தண்ணீர் கொட்டும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. பிரதமனின் மிச்சத்தை ஒரு துளி விடாமல் தோட்டத்தில் குழி வெட்டிக் கொட்டினார்கள். அது அவருக்குத் தெரியாது. அந்தப் பிரதமன் கல்யாணராமையரின் செத்துப்போன மனைவி கைப்பழக்கம் என்பதும், பிள்ளை நினைவிலிருந்து சொல்லச் சொல்லச் சேஷன் வாழ்நாளில் அன்று ஒரே தடவைதான் அதைச் செய்தார் என்பதும்கூடத் தெரியாது.

ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஆயிரத்தெட்டு காயத்ரி ஜபித்தார். போதும் என்று நினைத்துக்கொண்டார்.

தை மாதம் கோட்டைக்குள் ஒரு கல்யாணம். அன்று சாயங்காலம் சேஷன் வீட்டில் நிச்சயதாம்பூலம் என்று முடிவாகியிருந்தது. நாகலக்ஷ்மியும் சீதாலக்ஷ்மியும் முதல்நாளே வந்து, சேஷன் வீட்டில் தங்கியிருந்தார்கள். சாம்பசிவன் அந்தப் பந்தியில் உட்காராமல் இருந்திருக்கலாம். வயிறு சரியில்லை என்றால் தீர்ந்தது. ஆனால் சேஷனே வந்து கையைப் பிடித்து, "இன்னிக்கு நீர் விருந்தாளி ஓய், சம்பந்தியாக்கும்," என்று முதல் பந்தியில் மகன் பக்கத்தில் உட்கார வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவரை அழைத்து இலையில் அமர்த்தினார். அதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

வாலிபர்கள் கேலியைக்கூட அன்று மரியாதையாகச் செய்தார்கள். போளி வருவதற்கு முன், கல்யாணப் பெண்ணின் மாமா, ஒரு வக்கீல், எதிர் வரிசையிலிருந்து உரக்கக் கேட்டார்.

"சாம்பு மாமா, சத்தியமாட்டு சொல்லும். இந்தத் திருவனந்தபுரத்துலே நீர் சாப்பிட்டதுலே ஒண்ணாம் நம்பர் எது?"

பந்தி காதைக் கொடுத்தது. சேஷன் பாயசத் தூக்கோடு வரிசையின் தலையில் நின்றார். ஒரு மாதமாக அந்தச் சுவை சாம்பசிவனின் தொண்டையில் சொல்ல ஆளில்லாமல் கிடந்தது. ஊரில் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இப்போது அதைச் செய்த கையே எதிரில் நிற்கிறது. சேஷன் நாலு கல்யாணத்தில் செய்கிற பதார்த்தம்தானே, எங்கே சாப்பிட்டது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

"வேற யாரு, நம்ம சேஷன் கைதான்," என்றார். "சக்கப்பிரதமன். சுக்கு போடாம, பச்சைக் குருமிளகைக் கொத்தோட உதிர்த்து நசுக்கிப் போட்டிருந்தார் பாருங்கோ! தேங்காயோட தலைப்பால் விட்டு இறக்கினப்புறம் போட்டது. முன்னாடி போட்டா அந்த மணம் நிக்காது. அது பிரதமன் இல்லே, அமிர்தம்."

சேஷனின் முகம் மலர்ந்தது. தலைப்பால் விட்டு இறக்கிய பிறகு என்பதுவரை ஒருவன் கண்டுபிடித்துவிட்டானே என்ற பூரிப்பு அது. வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். பிறகு அந்த மலர்ச்சி அப்படியே நின்றது.

"அது எங்கே சாப்பிட்டீர் ஓய்?"

"எங்கேயோ… ஒரு கல்யாணத்துலே."

"எந்தக் கல்யாணம்?"

சாம்பசிவன் இலையைப் பார்த்தார்.

"நான் அதை ஒரே தடவையாக்கும் பண்ணினது," என்றார் சேஷன். குரல் உயரவில்லை. "கல்யாணராமையராத்துலே, பதினொண்ணாம் நாள். நான்கூட நாக்குலே வச்சுப் பார்க்கல்லே."

சேஷன் தூக்கைத் தரையில் வைத்தார். மெதுவாகத் திரும்பி, சாம்பசிவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கு முழுக்கப் புரிந்தது. எதிர் வரிசை எழுந்தது. உள்ளேயிருந்து ஓடி வந்த ஒரு அம்மாள், "மணையிலே உட்கார்ந்திருக்கிற குழந்தைமேலே இவன் காத்துப் பட்டுதே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்த வேஷ்டிப் பந்தயக்காரன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "திருப்தியா ஓய்?" என்று கேட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

சாம்பசிவன் பக்கத்து இலையைப் பார்த்தார். அனந்தநாராயணன் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவன் ஏதாவது சொல்லுவான் என்று அவருக்குத் தோன்றியது. மனுஷாதான் முக்கியம் என்று சொன்ன வாய்.

"மாப்…" என்று ஆரம்பித்து, அவர் நிறுத்திக்கொண்டார். "அனந்து, ரெண்டு நாள் பட்டினிப்பா. அதனாலேதான்."

அனந்தநாராயணனின் முகம் சிவந்தது. அவன் படித்த புத்தகங்களில் இந்த இடத்துக்கான வரி ஒன்றும் இருந்திருக்காது; இருந்தாலும் அப்போது நினைவுக்கு வந்திருக்காது. இரண்டு கையாலும் தன் இலையைப் பிடித்து, அதில் வைத்திருந்தது சிந்தாதபடி, ஒரு முழம் தள்ளி நகர்த்தினான். பிறகு எழுந்து கை கழுவப் போனான்.

"உம்ம இலையை நீரே எடுத்துண்டு போம்," என்றார் வக்கீல். "கொல்லை வழி."

இலையைச் சுருட்டிக்கொண்டு அவர் நடந்தார். வேலைக்காரி முன்னாலேயே ஓடிக் கதவைத் திறந்துவிட்டு, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். பின்னால் யாரோ தண்ணீர் கொட்டினார்கள். மேளம் நின்றிருந்தது; அவர் சந்துக்கு வந்த பிறகு மறுபடியும் ஆரம்பித்தது.

சேஷன் வீட்டுக்கு அவர் போகவில்லை. அந்தத் தெருவை எட்டுவதற்குள்ளேயே செய்தி அங்கே போய்விட்டது. நாகலக்ஷ்மியும் சீதாலக்ஷ்மியும் மூட்டையோடு தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்கென்று உடுத்திய சேலையை மாற்றக்கூட மகளுக்கு அந்த வீட்டில் நேரம் கொடுக்கவில்லை. அவர் கொஞ்சம் தூரத்திலேயே நின்றுவிட்டார்.

"அப்பா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள் சீதாலக்ஷ்மி. அவளுக்கு விஷயம் தெரியும். அவரைக் குத்துவதற்காகக் கேட்டாளா, பழக்கத்தில் கேட்டாளா என்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்கு மூன்று பேரும் நடந்தார்கள். சாலைக் கடைத்தெரு மூலையில் ராமசுப்ரமணிய வாத்தியார் குடையோடு நின்றுகொண்டிருந்தார். சாம்பசிவனை மட்டும் தனியாக ஓரத்துக்கு அழைத்தார்.

"நாக்கை அடக்கத் தெரியாத மனுஷன் நீர். நான் என்ன பண்ண?" என்றார். "போனது போச்சு. கரமனையிலே ஒரு கேஸ், வர்ற வெள்ளிக்கிழமை பதினொண்ணாம் நாள். இனிமே உமக்கு மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? ஊரறிஞ்ச ஒத்தன்னா வருஷம் முழுக்க வேலை உண்டு."

"என் பொண்ணு நிக்கறா ஓய்."

வாத்தியார் திரும்பிச் சீதாலக்ஷ்மியை ஒரு தடவை பார்த்தார்.

"அதுக்கும் ஒரு வழி இருக்கு. கொட்டாரக்கரைப் பக்கம் ஒருத்தர். இந்தத் தொழில்தான். அவருக்கும் யாரும் பொண்ணு கொடுக்க மாட்டேங்கறா, உமக்கும் யாரும் எடுக்க மாட்டா. மூத்தாள் போயி ரெண்டு வருஷம் ஆச்சு."

"வயசு?"

"நாப்பத்தஞ்சு இருக்கும்."

"குழந்தைகள்?"

"மூணு."

பஸ் வந்து நின்றது. நாகலக்ஷ்மி மூட்டையை ஏற்றிவிட்டு, மகளை முன்னால் விட்டு ஏறினாள். சீதாலக்ஷ்மி ஜன்னலோரம் உட்கார்ந்து, இந்தப் பக்கம் பார்க்காமல், எதிரே அரிசி மூட்டை இறக்குகிற கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தான்.

சாம்பசிவன் பஸ்ஸையும் வாத்தியாரையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் கேட்டுவிடப் போகிறாளே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவர் வெள்ளிக்கிழமை இங்கே வருவாரா?"

"வரச் சொன்னா வருவார்."

"வரச் சொல்லும்," என்றார்.